தலையில் ஒரு தையல்

வழுக்கை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று இளநீருக்குள் இருப்பது. கடைக்காரரிடம் 'வழுக்கையாப் பார்த்து வெட்டுங்க' என்று கேட்டு வாங்குகிறோம். மற்றது தலையில் வருவது. அதை எவரும் கேட்டு வாங்குவதில்லை. முடி என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. கூந்தலும் முடி, அரசன் சூடுவதும் முடி, ஒரு வேலையை நிறைவு செய்யச் சொல்லும் ஏவலும் முடி. மயிர் என்ற சொல்லோ வள்ளுவர் காலத்தில் எந்த உறுத்தலும் இல்லாமல் வாழ்ந்து, இன்று வசைச்சொல்லாக இறங்கிவிட்டது. மானம் அதிகாரத்தில், தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்களைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு வள்ளுவர் ஒப்பிடும் குறள் ஒன்று உண்டு. வகுப்பில் அந்த இடம் வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். சில ஆண்டுகளாக அந்தச் சிரிப்பில் என் தலைக்கும் பங்கு உண்டு. நாற்பத்தாறு வயதில், கரும்பலகையை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் உச்சி மாணவர்களுக்குக் காட்சி தருகிறது.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் என் தம்பிக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு அவன் கைப்பேசியில் ஒரு தாளின் படத்தை அனுப்பியிருந்தான். மருத்துவமனை ஒன்றில் அவன் தலையை வரைந்து, கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை மயிர்க்கால்கள் நடவேண்டும் என்று கணக்கெழுதி, அடியில் தொகையையும் குறித்திருந்தார்கள். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. 'என்ன சொல்றீங்கண்ணே?' என்று கேட்டிருந்தான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் தாய்மாமனின் தலை.

இன்று தலைக்கு அறுவை என்றால் ஹேர் டிரான்ஸ்பிளான்ட், அதாவது முடி நடுதல் ஒன்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்றாக வேறு அறுவைகளும் ஒரு காலத்தில் செழித்திருந்தன. வழுக்கையையே வெட்டி எடுத்துவிடுவது, முடியுள்ள தோலை அப்படியே திருப்பிப் போடுவது, தோலுக்கடியில் பலூன் வைத்துத் தோலை விரியச் செய்வது. மாமா அவற்றுள் முதலாவதைச் செய்துகொண்டவர். தம்பிக்குப் பதில் சொல்வதற்காக அவற்றைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தலையைப் பற்றிப் படிக்கப்போய்க் காலத்தைப் பற்றிப் படித்து முடித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

எங்கள் காவிரிக்கரை ஊர்க்காரர்களுக்கு முடி நடுவதை விளக்குவது எளிது. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவதுதான் அது. பின்னந்தலையும் காதோரங்களும் நாற்றங்கால், உச்சி வயல். ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர், வடுக்களால் முடி இழந்த இடங்களில், முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாகத் துளைத்தெடுத்துப் பதித்த தம் அனுபவத்தை 1939-இல் எழுதினார். உலகப் போர் வந்தது. அவருடைய எழுத்து மேற்குலகின் கண்ணில் படவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் 1952-இல் வழுக்கைத் தலையில் இதையே செய்து பார்த்து 1959-இல் வெளியிட்டார். அவர் கண்டறிந்தது ஓர் எளிய உண்மை. பின்னந்தலை மயிரை எங்கே கொண்டுபோய் நட்டாலும் அது தான் பிறந்த இடத்தின் இயல்போடுதான் வளரும். உச்சியில் நட்டாலும் உச்சி மயிரைப்போல் உதிராது. இருந்த இடத்தைவிட்டு நீங்கினால் மயிருக்கு மதிப்பில்லை என்பது குறளின் உவமை. இடம் மாறினாலும் மயிர் தன் பிறப்பை மறப்பதில்லை என்பது ஒரென்ட்ரைக்கின் கண்டுபிடிப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அக்கால நடவு முரடானது. 4 மில்லிமீட்டர் அகல வட்டங்களாகத் தோலை எடுத்து நட்டார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கொத்து மயிர், இடையில் வெறுந்தோல். கடையில் விற்கும் பொம்மையின் தலைபோல அது தோற்றமளித்தது. அதோடு நாற்றங்கால் சிறியது, வயலோ ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போவது. நாற்றுப் போதாத உழவனுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான் அடுத்து மருத்துவர்களுக்கும் தோன்றியது. தரிசாகிவிட்ட நிலத்தை ஏன் நடவேண்டும்? அதை வெட்டி எடுத்துவிட்டு இருபுறத்து விளைநிலங்களையும் இழுத்துச் சேர்த்துவிட்டால் என்ன?

நிலத்தில் நடக்காத இது தலையில் ஓரளவு நடக்கும். தலைத்தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே தளர்ந்த ஒரு படலம் இருக்கிறது. உச்சியில் விரல்களை அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்தினால் தோல் வழுக்கிக்கொண்டு போவதை எவரும் உணரலாம். அந்தத் தளர்ச்சிதான் மருத்துவர்களின் முதலீடு. 1977-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பிளான்சார்ட் என்ற பெயருடைய இருவர் இம்முறையை எழுதினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அது பரவியது. தலையை மரத்துப்போகச் செய்து, உச்சியின் நடுவே கண் வடிவத்திலோ ஒய் என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்திலோ வழுக்கைத் தோலை வெட்டியெடுத்து, இருபக்கத்தையும் இழுத்துத் தைப்பார்கள். ஒரு தடவையில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம்தான் எடுக்க முடியும். தோல் மீண்டும் தளர்வதற்குச் சில மாதங்கள் காத்திருந்து மறுபடியும் வெட்டுவார்கள்.

மாமா பம்பாயில் வங்கி வேலையில் இருந்தார். 1988-இலும் அதற்கடுத்த ஆண்டும் இரண்டு முறை இதைச் செய்துகொண்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. இரண்டு மூன்று இடங்களில் பெண் பார்த்துவிட்டுப் பதில் வராமல் போயிருந்தது. எனக்கு ஒன்பது பத்து வயது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த மாமாவின் தலையில் வழுக்கை பாதியாகக் குறைந்திருந்தது எங்களுக்கு மாயவித்தையாக இருந்தது. பாட்டி மட்டும் எண்ணெய் தேய்த்துவிடும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டு, 'என்னடா இது, தலையில வரப்பு?' என்று கேட்டாள். மாமா சிரித்து மழுப்பிவிட்டார். அவ்வாண்டே அவருக்குத் திருமணம் நடந்தது. எனவே அந்த அறுவை தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். அவர் எதற்காக அதைச் செய்துகொண்டாரோ அது கைகூடியது.

பாட்டியின் விரல் கண்டுபிடித்த வரப்பைப் பற்றி மருத்துவ நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இழுத்துத் தைத்த தோல் சும்மா இருப்பதில்லை. தலைத்தோலின் அடியில் கேலியா என்ற கெட்டியான சவ்வு இருக்கிறது. அது நீள மறுக்கும், மேலிருக்கும் தோல் நீண்டு கொடுக்கும். ஆகவே அடுத்த சில மாதங்களில் வெட்டியெடுத்த அகலத்தில் கணிசமான ஒரு பங்கு வழுக்கையாகவே திரும்ப விரிந்துவிடும். இரண்டாவது சிக்கல் மயிரின் திசை. உச்சியில் மயிர் இயற்கையாக முன்னோக்கியும், பக்கங்களில் கீழ்நோக்கியும் சாய்ந்து வளரும். இரு பக்கங்களையும் நடுவில் கொண்டுவந்து சேர்த்தால், மயிர் நடுக்கோட்டிலிருந்து இடமும் வலமுமாகப் பிரிந்து சரியும். மோசே பிரித்த கடல்போல நடுவே ஒரு வெள்ளைத் தடம். அதை மறைக்கும்படி தலைவார முடியாது. எப்படி வாரினாலும் அந்த வகிடு தானே எடுத்துக்கொள்ளும்.

இதற்கும் தீர்வு தேடினார்கள். பாரிஸ் நகரத்து மருத்துவர் பாட்ரிக் ஃபிரெஷே 1990-களின் தொடக்கத்தில் செய்த கருவி எனக்கு வியப்பளித்தது. இழுபடக்கூடிய மெல்லிய சிலிக்கோன் தகடு, அதன் இரு ஓரங்களிலும் டைட்டேனியக் கொக்கிகளின் வரிசை. முதல் அறுவையில் அதை இழுத்துப்பிடித்துத் தோலுக்கடியில் மாட்டித் தைத்துவிடுவார்கள். ரப்பர் தன் பழைய அளவுக்குச் சுருங்க விரும்பும். இரவும் பகலும் இருபக்கத்துத் தோலையும் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்து கருவியை எடுத்துவிட்டு, இன்னும் அகலமாக வெட்டலாம். நடுத்தடத்தை மறைப்பதற்கும் அவரே, மூன்று தோல் மடல்களை இடம் மாற்றிப் பின்னும் ஓர் அறுவையை வகுத்தார். ஓர் அறுவை உண்டாக்கிய குறையைச் சரிசெய்ய இன்னோர் அறுவை. அதன் நுட்பத்தை வியக்கும்போதே, மனம் சற்றுத் தயங்கவும் செய்கிறது.

மடல் என்ற சொல்லை இங்கே விளக்கவேண்டும். தோலை ஒருபுறம் மட்டும் உடலோடு ஒட்டியிருக்கவிட்டு, மற்ற புறங்களில் வெட்டித் தூக்கி, பக்கத்திலிருக்கும் குறைக்குத் திருப்பிப் போர்த்துவதே மடல் அறுவை. ஒட்டியிருக்கும் அந்தக் காம்பின் வழியாக இரத்தம் வந்துகொண்டிருக்கும். இது நம் நாட்டுக்குப் பழைய கலை. மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் ஒருவருக்கு, நெற்றித் தோலைத் திருப்பி மூக்குச் செய்துகொடுத்த மராட்டியக் கைவினை மருத்துவரைப் பற்றி லண்டன் பத்திரிகை ஒன்று 1794-இல் எழுதியது. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் லண்டனில் அதைச் செய்து பார்த்தார். நவீன ஒட்டறுவையின் வரலாற்றில் இது தவறாமல் சொல்லப்படும் செய்தி.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹோசே ஹூரி 1975-இல் வெளியிட்ட முறை, அதே மடலைத் தலைமுடிக்குக் கொண்டுவந்தது. காதுக்கு முன்னால் விரல் வைத்தால் ஒரு தமனி துடிப்பது தெரியும். அதன் கிளையைக் காம்பாகக் கொண்டு, 4 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு மடலைப் பின்னந்தலைவரை வரைந்துகொள்வார். உடனே தூக்கமாட்டார். கொஞ்சம் வெட்டித் தைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பார். மேலும் கொஞ்சம் வெட்டித் தைத்துவிட்டு இன்னொரு வாரம். பக்கவாட்டில் வந்துகொண்டிருந்த இரத்தம் நின்றுபோக, ஒரே தமனியிலிருந்து கடைமடைவரை ஓடப் பழகவேண்டும் என்பதற்காகவே இந்தக் காத்திருப்பு. வாய்க்கால் கடைமடைக்குப் பாயாவிட்டால் பயிர் கருகும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் முறை மடலைத் தூக்கி நெற்றியின் மேல்விளிம்பில் வளைத்துப் பொருத்துவார். நட்ட முடி முதலில் உதிர்ந்து, முளைத்து வர மாதங்கள் ஆகும். இங்கோ படுத்து எழுந்ததும் முன்னெற்றியில் அடர்ந்த முடி.

விலையும் அதற்கேற்றதுதான். சில தலைகளில் மடலின் நுனி கருகியது. மடலைத் திருப்பிப் போடுவதால் முன்னால் விழவேண்டிய மயிர் பின்னால் சாய்ந்தது. இயற்கையில் நெற்றியோரம் பூனைமயிரில் தொடங்கிப் படிப்படியாக அடர்வது. மடலிலோ வேலி நட்டதுபோல் சட்டென்று தொடங்கியது. மடலைக் காம்போடு வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாய்களை மீண்டும் இணைத்து, திசையையும் சரிசெய்யும் அறுவையை ஜப்பானிய மருத்துவர்கள் 1974-இலேயே எழுதியிருந்தார்கள். அது பெரிய அறுவை, பரவலாகவில்லை. செயற்கை இழைகளைத் தலையில் குத்திப் பதிக்கும் முறையும் ஒன்று இருந்தது. உடல் அவற்றை அந்நியப் பொருளாகவே கண்டது. சீழ்பிடித்த தலைகளைக் கண்ட அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1983-இல் அந்த இழைகளைத் தடை செய்தது.

இனி பலூன். சார்லஸ் நியூமன் என்ற மருத்துவர் 1957-இல், காது இழந்த ஒருவருக்குப் புதிய காது அமைப்பதற்காகத் தோலுக்கடியில் ஒரு பலூனை வைத்து மெல்ல ஊதினார். மேலிருந்த தோல் விரிந்துகொடுத்தது. கர்ப்பிணியின் வயிற்றுத்தோல் விரிவதைப்போல. 1970-களில் ராடோவன் உப்புநீர் ஏற்றும் சிலிக்கோன் பைகளாக அதை வளர்த்தெடுத்தார். 1980-களில் அது வழுக்கைத் தலைகளுக்கும் வந்தது. முடியுள்ள பகுதியின் அடியில் பைகளை வைத்து, வாரந்தோறும் ஊசியால் உப்புநீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதங்களில் தோல் போதிய அளவு விரிந்ததும், வழுக்கையை வெட்டிவிட்டு விரிந்த தோலால் மூடினார்கள். அம்மாதங்களில் தலை இரண்டு மடங்காக வீங்கி, மனிதர் வெளியே தலைகாட்ட முடியாது. இருந்தும் செய்துகொண்டார்கள்.

இவையெல்லாம் ஏன் மறைந்தன? நடவு நுட்பமானது என்பது நேரடியான பதில். மயிர்கள் தோலில் ஒன்றும் இரண்டும் மூன்றுமாகச் சிறு குழுக்களாக முளைக்கின்றன. அக்குழுக்களைக் குலைக்காமல் நுண்ணோக்கியின் கீழ் பிரித்து நடும் முறை 1990-களில் நிலைபெற்றது. ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே துளைத்தெடுக்கும் எஃப்.யு.இ. முறை 2002-இல் மருத்துவ இதழில் வெளியானது. இப்போது விளம்பரங்களில் காண்பது இதைத்தான். ஆண்களின் வழுக்கைக்காகத் தோலை வெட்டித் தைப்பது இன்று மிக அரிது.

ஆனால் அதற்கடியில் இன்னொரு பதில் இருக்கிறது. ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் வெளியிட்ட ஆய்வில், பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், வழுக்கைக்கான பரம்பரை உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் விழத்தொடங்குகிறது என்பதையும் காட்டினார். வழுக்கை ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து வாழ்நாள் முழுவதும் நடத்தும் வேலை. 1975-இல் நார்வுட் என்பவர் அதை ஏழு படிகளாக வகுத்துப் படம் போட்டார். உலா இலக்கியங்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்களுக்கு ஏழு பருவங்கள் சொல்வார்கள். ஆணின் தலைக்கும் ஏழு பருவங்கள் உண்டு என்று அந்தப் படத்தைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். வழுக்கையை வெட்டியவர்கள் மூன்றாம் பருவத்திலோ நான்காம் பருவத்திலோ ஒருநாள் தலையைப் பார்த்து, அன்றைய எல்லையை வரைந்துகொண்டு வெட்டினார்கள். தலை அதோடு நிற்கவில்லை.

மாமாவுக்கு ஐம்பது வயதாகும்போது பக்கத்து முடியும் மெலிந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக மறைந்திருந்த வரப்பு வெயிலுக்கு வந்தது. பேரனுக்குச் சுவாமிமலையில் முதல் மொட்டை போட்டபோது அவரும் மொட்டை போட்டுக்கொண்டார். சந்தனம் பூசுவதற்கு முன் ஒரு கணம் அவருடைய தலையை முழுமையாகப் பார்த்தேன். உச்சியிலிருந்து பின்னோக்கிப் போய் இரண்டாகக் கிளைபிரியும் வெண்ணிறக் கோடு. சாக்கைத் தைத்த தையல்போல. சாதாரண வழுக்கைக்காரனாகும் வாய்ப்பை அந்தக் கோடு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. வழுக்கை விழுந்த மனிதர்களை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும். கோட்டைப் பார்ப்பவர்கள் 'தலையில என்ன ஆபரேஷன்?' என்று கேட்பார்கள். மூளையில் கட்டி என்று நினைத்துக்கொண்டு பேருந்தில் இருக்கையைக் கொடுத்தவர்களும் உண்டு என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

இத்துடன் இக்கட்டுரையை முடித்திருந்தால், அந்த மருத்துவர்கள் வீண் வேலை செய்தார்கள் என்றாகிவிடும். அப்படியல்ல என்பதை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை முதலாண்டில் சேர்ந்தாள். குழந்தையாக இருந்தபோது கொதிக்கும் கஞ்சி தலையில் கொட்டி, இடக்காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. துப்பட்டாவை ஒருபோதும் எடுக்கமாட்டாள். ஒரு பருவத்தின் தொடக்கத்தில் என்னிடம் வந்து, சில வாரங்கள் தலை வீங்கினாற்போல் இருக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள். அரசு மருத்துவமனையில் பலூன் வைத்திருந்தார்கள். 'உள்ளே உப்புத்தண்ணி சார். வாரா வாரம் ஏத்துறாங்க' என்றாள். வலிக்குமா என்று கேட்டேன். ஏற்றிய அன்று இரவு மட்டும் என்றாள். அவளை வகுப்பில் எவரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமாகச் சிரிக்கும் பின்வரிசைக்காரர்கள் அந்தப் பருவம் முழுவதும் அவளுக்குக் குறிப்பேடு எழுதிக்கொடுத்தார்கள். பிறகு வடுவை வெட்டி எடுத்து, விரிந்த தோலால் மூடினார்கள். மூன்றாம் ஆண்டில் அவள் வகுப்புக்கு வந்த கோலம் நினைவிருக்கிறது. துப்பட்டா தோளில் இருந்தது. வகிட்டை இடப்பக்கமாகவே எடுத்திருந்தாள்.

வழுக்கைக்கு ஒவ்வாத பலூன் வடுவுக்கு ஏன் உதவுகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. தம்பிக்காகப் படித்தபோதுதான் புரிந்தது. தீக்காயம் ஒருநாளில் நடந்து முடிந்துவிட்ட இழப்பு. அதன் எல்லை நாளை நகராது. சுற்றியிருக்கும் மயிருக்கு எந்த நோயும் இல்லை. அங்கே வெட்டுவதும் விரிப்பதும் தைப்பதும் நிற்கும். தலைத்தோலில் பாதிவரை போன இழப்பைக்கூடப் பலூன் முறையால் மூடலாம் என்று நூல்கள் சொல்கின்றன. மயிர்க்கால்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, இருப்பவை பரந்து நிற்கின்றன. ஆயினும் தோல் இரண்டு மடங்கு விரியும்வரை கண்ணுக்குக் குறை தெரிவதில்லையாம். வழுக்கையோ நடந்துகொண்டிருக்கும் இழப்பு. நடந்துகொண்டிருப்பதை வெட்டித் தைக்க முடியாது. கத்தியின் திறமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதே அளவுகோல் இன்றைய நடவுக்கும் பொருந்தும். நட்ட முடி நிற்கும். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் நடாத முடி தன் போக்கில் உதிரும். மினாக்சிடில் 1988-லும் ஃபினாஸ்டரைடு 1997-லும் அமெரிக்காவில் வழுக்கைக்காக அனுமதி பெற்றன. அவை அந்த உதிர்வை மெதுவாக்கும், அதுவும் பயன்படுத்தும்வரைதான். நாற்றங்காலில் இருப்பு ஒருமுறைதான். இன்று முழுவதையும் முன்னெற்றியில் நட்டுவிட்டால், பத்தாண்டு கழித்து உச்சி காலியாகும்போது நடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தம்பியிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதில் மாமாவுக்கு இருந்த வலியை நாற்பத்தாறு வயதில், திருமணமாகி, வேலையும் நிலைத்துவிட்ட நான் எடைபோட முடியாது. மாமாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மாமா அவனை எதிரில் உட்காரவைத்து, தலையைக் குனிந்து, 'தொட்டுப் பாரு மாப்ள' என்றாராம். அறிவுரை எதுவும் சொல்லவில்லையாம். பிறகு காப்பி வந்ததாம்.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தம்பி ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான். எத்தனை ஆயிரம் என்பது அதில் மூன்றாவதாகத்தான் வருகிறது. அறுபது வயதில் என் தலை எப்படி இருக்கும் என்பது முதல் கேள்வி. அதற்காக அப்பாவின் அறுபதாம் கல்யாணப் புகைப்படத்தையும், சுவாமிமலையில் எடுத்த மாமாவின் படத்தையும் அவன் கையோடு கொண்டுபோகப் போகிறான்.